விரதம் இருக்கும் புல்

பிரான்சின் நோர்மண்டிக் கடலோரத்தில், சுண்ணக்கல் முகட்டின் மேல் ஒரு புல்வெளி இருக்கிறது. முட்பற்றை அதை விழுங்கிக்கொண்டு வருகிறது. பற்றையை வெட்டி அகற்றுவதுதான் என் பல்கலைக்கழக ஸ்தாஜ், அதாவது களப்பயிற்சி. வேலை சரியாக நடந்தால் பயிற்சிப் பொறுப்பாளர் மதாம் பெர்த்தியே கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் அதே ஆண்டை நான் திரும்பவும் படிக்க வேண்டும்.

ஆள் கேட்டேன். வகுப்புத் தோழர்கள் இயற்கையை நினைத்து மிகவும் கவலைப்பட்டு, வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் 'சிரமதானம்' என்றேன். ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள்.

ஞாயிறு காலை, அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் கமலராணி அன்ரி வானில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மூக்குக்கு விஷயம் முதலிலேயே தெரிந்துவிட்டது.

"கோழி எருவோ அன்ரி?"

"ஓம். ஓல்னேயிலை தோட்டம் செய்யிற ஆக்களிட்டை வாங்கினனான். பற்றையை வெட்டிப்போட்டு, ஒரு பிடி பசளை போடாமல் வாறதே?"

"அந்தப் புல்லுக்குப் பசளை கூடாது. நைதரசன் கூடினால் காஞ்சோண்டியும் முள்ளும்தான் வரும். மண்ணிலை சத்தில்லாட்டித்தான் ஓர்க்கிட் பூக்கும்."

"பட்டினி போடவே உன்னைப் படிப்பிக்கினம்?"

"இந்த நாட்டிலை பூனைக்குச் சால்மன் குடுப்பினம், புல்லுக்குப் பட்டினியாம்!" என்றார் வான் ஓட்டும் தவரத்தினம் அண்ணை.

அன்ரி அடுத்த மூட்டையைத் தூக்கினார். கந்தசஷ்டிக் காலம். ஐந்து நாளாகப் பாலும் பழமும்தான், ஆனாலும் மூட்டை பஞ்சுபோல் போனது.

"அன்ரி, நீங்கள் விரதம். நான் இப்ப கொத்துரொட்டியை உங்கடை வாய்க்குள்ளை திணிச்சால்?"

"செவிட்டைப் பொத்தி விழும்."

"அந்தப் புல்லும் விரதம்தான்."

அன்ரி மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார்.

"இதை முதலே சொல்லுறதுக்கென்ன? நைதரசனாம், நைதரசன்!"

எருவைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டோம். முகட்டில் பற்றையை வெட்டி, வாரி, ஒரு சுள்ளி விடாமல் அகற்றினோம். மத்தியானம் பார்சலைப் பிரிக்கப் போன தவரத்தினம் அண்ணையின் கையில் அன்ரி ஒரு அடி வைத்து, புல்லைக் காட்டினார்.

"விரதகாரருக்கு முன்னாலை சாப்பிடுறதே? வானுக்குள்ளை போங்கோ!"

வான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே நெருக்கமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். மதாம் பெர்த்தியே வந்து புல்வெளி முழுவதும் குனிந்து குனிந்து நடந்தார். பாண் துண்டோ பழத்தோலோ ஒன்றும் அகப்படவில்லை. இப்படி ஒரு கட்டுப்பாட்டைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று சொல்லி, வானின் மூக்கில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பாறணை எப்ப எண்டு கேள்," என்றார் அன்ரி.

இந்தப் புல் எப்போது விரதம் முடித்துச் சாப்பிடும் என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"ஒருபோதும் கூடாது," என்றார் மதாம்.

அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லை நோக்கிக் கும்பிட்டார்.