கூரைக்கு ஒரு சாண் கீழே

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி நகைகளைக் கழற்றினால் மேலே போய்விடுவாள் என்பது, திருமணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தெரியவந்தது. அதுவரை அவள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றியதில்லை. குளிக்கும்போது சங்கிலி, தூங்கும்போது வளையல் என்று ஏதாவது ஒன்று உடம்பில் இருந்துகொண்டே இருந்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும் தடிப்புத் தடிப்பாக அரிப்பு வரவே, வீட்டில் இருக்கும் நேரத்திலாவது உலோகம் எதுவும் படக்கூடாது என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். கடைசித் தோட்டின் திருகாணியைக் கழற்றிய கையோடு அவள் தரையைவிட்டு எழும்பி, கூடத்துக் கூரையில் முதுகு மெத்தென்று இடிக்க நின்றாள். மெக்கானிக் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். “அங்க என்ன பண்ற?” என்று கேட்டார். “தெரியலைங்க,” என்றாள் அவள். “உங்களுக்கு உச்சந்தலையில முடி கொட்டியிருக்கு.”

இடுப்பில் பத்து கிலோ மாவு மூட்டையைக் கட்டிப் பார்த்தார்கள்; மூட்டையும் அவளோடு மேலே போனது. கண்ணாடி வளையல், பாசிமணி எதற்கும் அவள் இறங்கவில்லை. அவள் அணிந்து பழகிய உலோக நகைகளுக்கு மட்டுமே இறங்கினாள். இருபது வருடமாக லிஃப்டுகளின் எதிர்எடையோடு மல்லுக்கட்டியவர் என்பதால் மெக்கானிக் பதறவில்லை. பிற்பாடு அளவு நாடாவை எடுத்து, ஒரு ஜோடித் தோட்டுக்கு இரண்டடி, ஒரு வளையலுக்கு ஒன்றரை அடி, சங்கிலிக்கு நான்கடி என்று நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். அன்று காலை சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நகைகளெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி, தோடுகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரே உருண்டையாகிவிட்டன. அதைத் தையல் ஊசியால் பிரித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பத்து மணிக்கு வேலைக்கு இருக்க வேண்டியவள் அதுவரை கூரையில் காத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பலகை செய்தார். கண்ணாடி உடைந்துபோன பழைய புகைப்படச் சட்டத்தைத் துடைத்து, பின்னால் மெல்லிய ஒட்டுப்பலகையை அடித்து, அதன்மேல் நீல நிறத் திரைச்சீலைத் துண்டை இழுத்து ஒட்டினார். மேல்பாதியில் கொசுவலைக் கம்பியை வெட்டிப் பொருத்தினார்; தோடுகள் அதன் கண்களில் தொங்கின. நடுவில் சங்கிலிகளுக்கு ஏழு கொக்கிகள். அடியில், வளையல்களைக் கோத்துவைக்கத் திரைச்சீலைக் கம்பியில் ஒரு முழம். பலகையைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டத்தான் ஏணியை எடுத்துவந்தார். அப்போது வந்திருந்த அவருடைய அக்கா அவரைத் தனியே அழைத்து, “மேலேயே மாட்டிட்டா உன்னை எதுக்குடா கூப்பிடப் போறா? கைக்கு எட்டுற மாதிரி கீழேயே மாட்டு,” என்றார். யாருடைய கைக்கு என்று அவர் சொல்லவில்லை. தம்பிக்குப் புரிந்தது. பலகை அவருடைய தோள் உயரத்தில் ஏறியது.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. வீட்டுக்கு வந்ததும் அவள் நகைகளைக் கழற்றிப் பலகையில் மாட்டிவிட்டு மேலே போவாள். இறங்க வேண்டுமென்றால், “ஏங்க, அந்த வளையலைக் குடுங்களேன்,” என்பாள். அவர் ஒரு கம்பின் நுனியில் மாட்டி நீட்டுவார். தன்னைக் கூப்பிடுவது அவருக்குப் பிடித்திருந்தது. சில நாள், “இரு, பேப்பரை முடிச்சிட்டு வர்றேன்,” என்று கடைசிப் பக்கம்வரை படிப்பார்.

அவளுக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை, துணிக்கடை ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று, உள்ளே ஆறு பேர் சிக்கியிருந்தார்கள். “குடுத்துட்டுப் போங்க,” என்று மேலிருந்து சொன்னாள். “அரை மணி நேரம்தானே, வந்துடுறேன்,” என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஆறு பேரையும் வெளியே எடுக்க மாலை ஐந்தாகிவிட்டது. பதினொரு மணிக்கு மேசைமேல் அவளுடைய தொலைபேசி அடித்தது. அதன் திரையில் அண்ணனின் பெயர் மேலிருந்தே தெரிந்தது. கூரையை உதைத்துக் கீழே பாய்ந்தாள். தண்ணீரில் அமுக்கிய பந்துபோலத் திரும்ப மேலே வந்தாள். கூரையை ஓங்கி ஓங்கித் தட்டினாள். ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்த மாடி வீட்டுக்காரர், நிறுத்தச் சொல்லிப் பதிலுக்கு மூன்று முறை தட்டினார். தொலைபேசி ஒன்பது முறை அடித்து ஓய்ந்தது. வேறு ஊரில் மருத்துவமனையில் இருந்த அவளுடைய அப்பா, அவளோடு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருந்து, நான்கு மணிக்கு இறந்துபோனார்.

அண்ணன் வீட்டில் பத்து நாள் எல்லா நகைகளையும் போட்டுக்கொண்டே இருந்தாள். அரிப்பு தாடைவரை ஏறியது. திரும்பி வந்தபோது கூடத்துச் சுவரில் தோள் உயரத்தில் நான்கு ஓட்டைகள் சுண்ணாம்பு பூசி அடைக்கப்பட்டிருந்தன. பலகை கூரைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பக்கத்தில் தொலைபேசி வைக்க ஒரு சிறிய தட்டு, அதற்கு மின்இணைப்பு. “நான் குடுத்துட்டுப் போயிருக்கணும்,” என்றார் மெக்கானிக். “ஆமா,” என்றாள். ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலே போய்ப் பலகையைப் பார்த்தாள். “கொக்கி ரொம்ப நெருக்கமா இருக்கு. சங்கிலி மறுபடி சிக்கும்.” அவர் ஏணியில் ஏறினார். அவர் கையிலிருந்த திருப்புளியை வாங்கி, ஏழு கொக்கிகளையும் அவளே கழற்றி, இரண்டு விரல் இடைவெளி விட்டு முடுக்கினாள்.

அதன்பின் எட்டு மாதம் அவள் வேலைக்குப் போகவும் சமைக்கவும் மட்டுமே இறங்கினாள். தட்டோடு மேலே போய் அங்கேயே சாப்பிட்டாள். அவர் கீழே தனியாகச் சாப்பிட்டார், கூப்பிடவில்லை. அக்கா ஒருமுறை வந்து, “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று ஆரம்பித்தபோது, “நீ சொன்னதைக் கேட்டதுதான்க்கா தப்பு,” என்றார். அக்கா காபி குடிக்காமல் எழுந்து போனார். மழை பெய்த ஒரு சனிக்கிழமை மதியம், அவள் பலகையிலிருந்து சங்கிலியையும் இரண்டு வளையலையும் எடுத்து மாட்டிக்கொண்டு, நாற்காலி உயரத்துக்குச் சரியாக இறங்கி, தட்டோடு அவருக்கு எதிரே வந்து நின்றாள். மெக்கானிக் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. “உப்பை இப்படித் தள்ளுங்க,” என்றாள். அவர் தள்ளினார்.

இப்போது அரிப்பு முழுக்கப் போய்விட்டது. மேலே போகவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் விடுமுறை நாட்களில் சாப்பிட்டு முடித்ததும் அவள் நகைகளைக் கழற்றிக்கொண்டே ஏறி, அவற்றைப் பலகையில் மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவரோ வேறு யாரோ வந்து, வீட்டில் அம்மா இல்லையா என்று கேட்டால், மெக்கானிக் முகவாயால் மேலே காட்டுவார். “தூங்குறா. கொஞ்சம் மெதுவா பேசுங்க.” வந்தவர் அண்ணாந்து பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொல்வார்.