அப்பா உட்கார்ந்த கல்

எனக்குப் பொறுமைன்னா என்னன்னே தெரியாது. பாறையைப் பார்த்தா சுத்தியலால ஒரு போடு, துண்டைப் பையில போட்டுட்டு அடுத்ததுக்கு ஓட்டம். வெளிப்பக்கம் வெயில்லயும் மழையிலயும் கெட்டிருக்கும், உடைச்சாத்தான் நிஜம் தெரியும்னு பாறையை ஆராயற எங்க தொழில்ல எல்லாரும் சொல்வாங்க. நான் அதைக் கொஞ்சம் அதிகமாவே கேட்டுட்டேன்.

எங்க ஊருக்கு வெளியில இருக்கற வட்டமான குன்றுகளைப் பழைய எரிமலையோட மிச்சம்னு எழுதினவர் எங்கப்பா. அவரும் கல் தட்டினவர்தான், இப்ப ரிட்டயர் ஆயிட்டார். இல்ல, வானத்துலேர்ந்து பெரிய கல் விழுந்த பள்ளம்னு சொல்றவ நான். கண்ணுக்குப் பள்ளம் எதுவும் தெரியாது. விளிம்பெல்லாம் கோடிக்கணக்கான வருஷத்து மழையில கரைஞ்சு, அடிப்பாறை மட்டும்தான் மிச்சம். அதுல அடிபட்ட அடையாளம் ஒண்ணாவது வேணும். ஒரு முனையிலேர்ந்து குதிரைவால் மாதிரி விரியற கோடுகள். எரிமலையால அதைப் போட முடியாது.

வருஷக்கணக்கா தேடியும் ஒண்ணும் கிடைக்கல. இன்னிக்குக் கடைசி நாள். நாளைக்குக் குவாரிக்காரங்க வெடி வைக்கப் போறாங்க.

"நானும் வரேன். நீ மண்ணைக் கவ்வுறதை நேர்ல பார்க்கணும்ல?"ன்னார் அப்பா.

"வாங்க, உங்க எரிமலைக்குச் சமாதி கட்டத்தான் போறேன்."

"கல்லுக்காக அடிச்சுக்கற அப்பனையும் பொண்ணையும் எந்த வீட்லயும் பார்த்ததில்ல"ன்னு அம்மா சாப்பாட்டு டப்பாவைத் திணிச்சாங்க.

காலையெல்லாம் தட்டினேன். ஒண்ணுமில்ல. உச்சி வெயில்ல அப்பா தன்னோட பாறைமேல உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். வாலிப வயசுலேர்ந்து அங்கேதான் அவருக்குச் சாப்பாடு. சாப்பிட்டதும் கிளம்பறதுதான் எப்பவும் வழக்கம். இன்னிக்கு ஜீப் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைத் தொட்டா அதுலயும் காத்து இல்ல. மெக்கானிக் சாயங்காலம்தான் வருவானாம். டயரை ஓங்கி உதைச்சேன்.

"அது என்னடி பண்ணுச்சு உன்னை?"

"நாளைக்கு எல்லாம் தூளாகப் போகுது, நீங்க கிண்டல் பண்ணுங்க!"

மறுபடி ஓடினேன். தட்டினேன். கையில கொப்புளம் வந்ததுதான் மிச்சம். வெயில் சாய்ஞ்சப்ப திரும்பி வந்தா, மனுஷன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையல. இடது கை பாறையோட பக்கவாட்டுல அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"தண்ணி கேனை எடுங்கப்பா."

"நீயே எடுத்துக்கோ."

குனிஞ்சேன். அவர் விரலுக்கு நடுவுல, சாய்ஞ்ச வெயில்ல, மெல்லிசா நிழல் கட்டின கோடுகள். ஐயோ!

"கையை எடுங்கப்பா."

எடுக்கல.

"எப்பப் பார்த்தீங்க?"

"நீ ரெண்டாந்தடவை ஓடினியே, அதுக்கப்புறம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் உட்கார்ந்திருக்கேன். வாய் வரல."

"மெக்கானிக் முன்னாடியே வந்திருந்தா? அப்படியே ஏறி வந்திருப்பீங்க, இல்ல?"

"தெரியலம்மா"ன்னார். பொய் சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம் அவரே எழுந்தார். கை இருந்த இடத்துலேர்ந்து கோடுகள் கீழ்வரைக்கும் விரிஞ்சு கிடந்துச்சு. "உச்சி வெயில்ல இதுல நிழலே விழாது. நாமதான் சாப்பிட்டதும் ஓடிருவோமே. எத்தனை வருஷம் இதுமேல உட்கார்ந்திருக்கேன், முட்டாள் மாதிரி!"

பழக்கதோஷம், என் கை சுத்தியலைத் தூக்கிடுச்சு.

"ஏய், உடைக்காதே! முதல்ல போட்டோ எடு. எவனும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது."

கோடு எவ்வளவு பெருசுன்னு தெரிய, போட்டோவுல பக்கத்துல ஒரு அளவுகோல் வைக்கணும். பையைக் கவிழ்த்தேன். ஓடின ஓட்டத்துல எங்கேயோ விழுந்திருக்கு. சூரியன் இறங்கிட்டே இருக்கான், நிழலும் போயிடும்.

"சனியனே, எங்க போய்த் தொலைஞ்சே?"ன்னு நான் கத்திக்கிட்டு இருக்கறப்ப, அப்பா பாறை பக்கத்துல மண்டி போட்டார். கோடுகளை மறைக்காம, ஓரமா, அதே இடது கையை விரிச்சு வெச்சார்.

"இதை வெச்சு எடு. வீட்டுக்குப் போய் அளந்துக்கலாம்."

அவர் விரல் நடுங்கிட்டு இருந்துச்சு. நிக்கட்டும்னு காத்திருந்தேன்.