பச்சை கேட்டு மாடி வீட்டம்மா

குடும்ப நீதிமன்ற வாசலில் ஒரு பலகை. எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது: ‘உங்கள் சொந்த விவரங்கள் இங்கே காக்கப்படும்.’ தங்கச்சியிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அவள் புருஷன் பழைய வீட்டுக் கதவை உடைத்தவன். அதனால்தான் காதும் காதும் வைத்தாற்போல் வேறு வீடு பிடித்து, வண்டிகூட வைக்காமல், சாமான்களை என் முதுகிலேயே மாடியேற்றினேன். அந்த முகவரி அவனுக்குத் தெரியக் கூடாதென்று நீதிபதியே உத்தரவு போட்டிருந்தார். குமாஸ்தா அதை உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, முத்திரைமேல் கையெழுத்தும் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை மேசைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு ஓரம் நாங்கள். மறு ஓரம் மாப்பிள்ளை, தேய்த்த சட்டையோடு. வழக்குக்கு ஆள் கூப்பிடும் சேவகருக்கு ‘வெண்கலம்’ என்று பட்டப்பெயர். தொண்டை அப்படி. கையில் ஒரு சீட்டோடு வெளியே வந்தார்.

“தண்ணித் தொட்டிக்குப் பின் தெரு, பச்சை கேட்டு, மாடி வீட்டம்மா! உள்ள வாங்க!”

தங்கச்சி பிடித்த பிடியில் என் கையில் நகம் இறங்கியது. மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். “அட, நான் தினம் போற வழிதானே மச்சான்!”

நான் வெண்கலத்திடம் பாய்ந்தேன். “யோவ், என்னய்யா இப்படிப் போட்டு உடைச்சிட்ட?”

“ரகசிய வழக்குல பேரைச் சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. குமாஸ்தாதான் சீட்டுல இருந்த பேரை அடிச்சிட்டு இதை எழுதிக் குடுத்தாரு. பேரைச் சொன்னேனா, சொல்லு?”

“அவ பேரு அவ புருஷனுக்குத் தெரியாதாய்யா?”

வெண்கலம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அது என் வேலையில்லப்பா.”

குமாஸ்தா பதறி ஓடிவந்தார், கையில் உறையோடு. “பாருங்க, ஒட்டினது ஒட்டினபடி இருக்கு! வேற வீடு மாறினா அந்த முகவரியையும் எழுதிக் குடுங்கம்மா. பத்திரமா வச்சிடலாம்.”

தங்கச்சி பேனாவை வாங்கி எழுதினாள். படித்துவிட்டு அவர் முழித்தார். “இது நம்ம ஆபீஸ் விலாசமாச்சேம்மா!”

“ஆமா சார். அவர் தேடி வந்தா, கதவை நீங்களே திறந்து விடுங்க.”

அன்று சாயங்காலமே அவளுடைய இரும்புப் பீரோ மறுபடி என் முதுகில் ஏறியது. படியிறங்கும்போது எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“எங்கப்பா குடி போறீங்க?”

“வேணும்னா எங்க பேரைக் கேளுங்கண்ணே, சொல்றேன்” என்றேன்.