தார் பூசிய பட்டியல்

இலங்கையில் கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஜீவராணியிடம் போன் கிடையாது. ஆனாலும் அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து எவனோ போன் இணைப்பு வாங்கியிருந்தான். யுத்தம் உச்சத்தில் இருந்த 2008ஆம் வருடம். அடுத்தவர் பேரில் போன் என்றால் குண்டு வைக்கிறவனோ என்று சந்தேகம்; பொலிஸ் சும்மா விடுமா? ஒரு பகல் முழுக்க நிலையத்தில் உட்காரவைத்து விசாரித்தார்கள். விண்ணப்பத்தில் இருந்தது ஆங்கிலக் கையெழுத்து, இவளுக்குத் தமிழில் மட்டுமே எழுத வரும் என்று கண்டபிறகுதான் அனுப்பினார்கள்.

அட்டையை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. பிறகு எப்படி இலக்கம் வெளியே போனது?

மறுநாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனபோது விடை கண்ணெதிரே இருந்தது. தோட்டத்து ஆபீஸின் வெளிச்சுவரில், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதியின் பட்டியல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம்.

ரப்பர் மரத்தின் காயத்துக்குப் பூசும் தார் டின்னையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்து, மேலேயிருந்து ஒவ்வொரு இலக்கமாக மறைத்துக்கொண்டே போனாள்.

கிளாக்கர் சுரேந்திரன் ஓடிவந்தார். "ஆபீஸ் பேப்பர்ல கை வைக்க யாரு சொன்னது? நம்பர் இல்லாம ஆளுங்களை எப்படித் தெரியும்?"

"எங்களுக்குப் பேரு போதுங்க. நம்பர் திருடனுக்குத்தான் வேணும்." அவள் நிமிரவில்லை. "கடைசி வரியில இருக்கிறது நீங்க. அதை மட்டும் அப்படியே விட்டுடவாங்க?"

கிளாக்கர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, கடைசி வரி இலக்கத்தின் மேல் தாரைப் பூசினார்.