ஊசி போன தடம்

ஷீட்டுக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கடைக்காரன் தராசை நம்பமாட்டார், சொந்தத் தம்பி சத்தியத்தை நம்பமாட்டார். டாக்டரை மட்டும் நம்பிவிடுவாரா? கல்நார் ஷீட்டுத் தொழிற்சாலையில் காலமெல்லாம் உடைசலை ஒட்டிக் கொடுத்தவர். கல்நார்த் தூசியால் நெஞ்சில் வரும் புற்றுநோய் கத்தி பட்டால் பரவும் என்பது அங்கே எல்லார் வாயிலும் இருந்த பேச்சு. நெஞ்சில் நீர் கோத்தபோது, சோதனைக்கென்று ஊசி விட்டுச் சதை எடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். மகள்தான் அழுது, பட்டினி கிடந்து, சம்மதிக்க வைத்தாள்.

இப்போது ஊசி போன அதே விலா இடுக்கில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி.

இன்றைக்கு டாக்டரம்மாவையும் மகளையும் ஒரு பிடி பிடிப்பது என்று கறுவிக்கொண்டுதான் வந்தார். மகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ச் சட்டையைத் தூக்கினார்.

"பாருங்கம்மா. அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

மழுப்புவாள் என்று நினைத்தார். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னாள்.

"ஊசி போன வழியிலதான் வந்திருக்குங்கய்யா. இந்த நோய்ல சில பேருக்கு அப்படி ஆகும். ஆனா சதை எடுக்காம நோய் இன்னதுன்னே தெரிஞ்சிருக்காது."

"அதெப்படி அச்சு பிசகாம அதே ஓட்டைல?"

"நீங்க உடைசல் ஒட்டுறப்ப மொதல்ல என்ன செய்வீங்க?"

"ஓரத்தைக் கொத்தி எடுப்பேன். பழசு போனாத்தானே புதுசு புடிக்கும்?"

"உடம்பும் அதைத்தான் செய்யுது. புண்ணு ஆறணும்னா பழைய சதை நாரை வெட்டணும். வெட்டுறதுக்குன்னே என்சைம்னு சிலது இருக்கு. வேலை முடிஞ்சா அடங்கிடும். இந்த நோய் அதை அடங்க விடாது. என்சைம் வெட்டி வழி விட, நோய் அந்தச் சந்துல பூந்துடும்."

"வேலைக்காரன் நம்மாளு, வேலை வாங்குறவன் திருட்டுப்பயலா?"

டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப அந்த வேலைக்காரன் கையைக் கட்டிப் போடுங்களேன்."

"வேற புத்துநோய்ங்களுக்கு அப்படி மருந்து குடுத்துப் பாத்தாங்க. மூட்டெல்லாம் இறுகிப்போச்சு, நோய் நிக்கல. கட்டிக்குக் கரண்டு, அதான் கதிர்வீச்சு, வைக்கலாம், வலி கொறையும்."

"முழுசாப் போகுமா?"

"போகாதுங்கய்யா."

சட்டையை இறக்கிவிட்டார். அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு டாக்டரே அதை ஒத்துக்கொண்டும் விட்டாள். சொன்னேனா இல்லையா என்று மகளிடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

கதவைத் திறந்தார். மகள் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்து, அதன் ஓரத்தை நகத்தால் பிய்த்துப் பிய்த்துத் தரையெல்லாம் துணுக்காக்கி வைத்திருந்தாள்.

"ஊசியாலதானாப்பா?"

"அடி போடி இவளே. வெறும் ரத்தக்கட்டாம். டாக்டரம்மா நல்லவங்கடி, நம்பலாம்."

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயால் ஒருவரை நல்லவர் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. கவர் மடியிலிருந்து நழுவி விழுந்தது.

"ஏன், நான் ஒருத்தரை நல்லவங்கன்னு சொல்லக் கூடாதா?" என்று அதட்டிப் பார்த்தார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள்.