பாப்பா என்று தொடங்கும் ஃபோல்டர்கள்

"எம்மா சுகிர்தா, டிஸ்க் ரொம்பிட்டு. பாப்பான்னு தொடங்குத ஃபோல்டரயெல்லாம் தூக்கிரு. இனி மாசம் தாண்டுனது வாராவாரம் தானா அழியுத மாதிரி ஒண்ணு எழுதி வச்சிரு," என்றார் தாணுமாலையன் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் அவருடைய ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் தலையில்தான்.

பிறந்த பிள்ளையைப் படமெடுத்தால், 'பாப்பா'வோடு அம்மா பேரைச் சேர்த்து ஃபோல்டர் போடுவோம். பதினாறாம் நாள் பேர் வைத்ததும் அப்பன்காரன் வந்து பேரைச் சொல்வான். அந்தப் பேரில் புது ஃபோல்டர் போட்டுப் படங்களை நகல் எடுப்போம். பழையது சும்மா கிடக்கும். அண்ணாச்சி சொன்னதில் தப்பில்லை.

கம்ப்யூட்டர் தானே அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டர்களை மட்டும் எடு, அதிலும் 'பாப்பா_' என்று தொடங்கி மாசம் தாண்டியதை மட்டும் எடு. அழிக்கும் முன் பேர்களைத் திரையில் காட்டச் சொல்வது என் வழக்கம். காட்டியது. பாப்பா_ஷஃபீகா, பாப்பா_சித்ரலேகா, பாப்பா_சுகிர்தா.

என் பிள்ளை. அண்ணாச்சிதான் ஆஸ்பத்திரிக்கு வந்து எடுத்தார். பதினாறாம் நாள் வரை அவள் இருக்கவில்லை. அதனால் பேரும் இல்லை, வேறு ஃபோல்டரும் இல்லை. அந்த மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது! எனக்குக் கோபம்கூட வரவில்லை. எதுவுமே வரவில்லை.

இதை மட்டும் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டேன். ஊர்ப்பிள்ளையெல்லாம் பேரோடு புது ஃபோல்டருக்குப் போயாச்சு, இவள் மட்டும் ஏன் விதிவிலக்காகக் கிடக்க வேண்டும்?

பேர் வைக்கும் நாளுக்கு முன்னால் பேரை வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் சுந்தரும் சொன்னதில்லை. அவர் விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலையில் இருந்தார். போன் போட்டேன்.

"நம்ம பிள்ளைக்கு என்ன பேரு நெனச்சிருந்தீய?"

மெஷின் சத்தம் தள்ளிப் போயிற்று; வெளியே வந்திருப்பார்.

"வடிவு," என்றார். "இப்ப எதுக்கு?"

நான் நினைத்திருந்தது வேறு. இருக்கட்டும். போனைக் காதில் இடுக்கிக்கொண்டே ஃபோல்டரின் பேரை 'வடிவு' என்று மாற்றினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அழிக்க வேண்டியவற்றில் அவள் இல்லை. மற்றதையெல்லாம் அழித்தேன்.

"ஒண்ணுமில்ல. அவ படத்தப் பத்திரமா வைக்கேன்."

அந்தப் படங்களை அவர் இதுவரை பார்த்ததில்லை. காட்டவா என்று கேட்டபோதெல்லாம் எழுந்து போய்விடுவார்.

"ஏட்டி," என்றார் பைய. "அதுல வடிவு கண்ணு முழிச்சிருக்காளா?"

"ஒண்ணுல முழிச்சிருக்கா," என்றேன்.