இடுப்பளவுக் கடல்

கத்தரிக்கோல் வழுக்கியது. பாக்கியலட்சுமி கணவரின் மணிக்கட்டைத் திருப்பி, ஆரஞ்சு நிறப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே முனையை மெல்ல நுழைத்தாள். வேட்டி சட்டை உடுத்திச் சவப்பெட்டியில் கிடத்தியவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில கட்டினதா?" பக்கத்து வீட்டு நூருன்னிசா கேட்டாள்.

"இல்ல, ரிசார்ட்ல. இது கையில இருந்தா எதை வேணும்னாலும் சாப்பிடலாம், எங்க வேணும்னாலும் உக்காரலாம்."

பட்டை அறுந்தது. நிமிர்ந்தபோதுதான் பின்னால் நாத்தனார் ரத்தினம்மா நிற்பது தெரிந்தது.

"சாகக் கிடக்கிறவனைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போயி விருந்து வச்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணல."

தெம்பனிஸ் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தாய் இல்லாத தம்பி அங்கமுத்துவை வளர்த்தது இந்த அக்காதான். இனி சிகிச்சை வேண்டாமென்று அவர் நிறுத்திய நாளிலிருந்து, புக்கிட் மேராவில் இருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி அக்கா தினமும் கஞ்சி கொண்டு வந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையும் வந்தார். வீடு பூட்டியிருந்தது. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியை இரும்புக் கதவில் மாட்டிவிட்டுத் திரும்பினார். அந்நேரம் தம்பி குடும்பத்தோடு இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குப் படகில் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது, கடலைப் பார்த்த அறையில், தூக்கத்திலேயே அவர் உயிர் போயிருந்தது. உடலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்க" என்று பண்டாரம் கூப்பிட்டார். முதலில் எல்லாரும் ரத்தினம்மாவைப் பார்த்தார்கள்.

"நான் போடமாட்டேன். உசுரோட இருக்கறப்ப கஞ்சி குடுக்க விடல. இப்ப அரிசி எதுக்கு?"

கடைசித் தூணருகே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகள் கவிப்ரியா எழுந்தாள். "அத்தை, அப்பாதான்..."

பாக்கியலட்சுமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்மா, நீங்க எதுக்கு பிளேம் எடுத்துக்கிறீங்க?" கவிப்ரியா காதருகே குனிந்து கேட்டாள். "அப்பாதானே அத்தைகிட்ட சொல்லக்கூடாதுன்னாரு."

"தெரியும்லா. அதை அவங்க இன்னைக்குக் கேக்க வேணாம்."

தீவுக்குப் போகவேண்டுமென்று கேட்டதே அவர்தான். துறைமுகத்தில் வேலை செய்த காலமெல்லாம் கிரேன் உச்சியிலிருந்து கடலைப் பார்த்தவர், இறங்கிக் குளித்ததில்லை. 'அக்காகிட்ட சொல்லாத. அது அழும். அது அழுதா நான் போகாம நின்னுடுவேன்' என்றார். வேறெதையும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டதாகப் பாக்கியலட்சுமிக்கு நினைவில்லை.

அவள் போய் ரத்தினம்மாவின் அருகில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுதான் அண்ணி. உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

மேல்வீடு ஒன்றுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஓர் இளைஞன் சவப்பெட்டியைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே கடந்துபோனான்.

"கடைசியா என்ன சாப்பிட்டான்?" ரத்தினம்மா அவளைப் பார்க்காமலே கேட்டார்.

பாக்கியலட்சுமி இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"சாப்பிடல அண்ணி. நாசி லெமாக், இறால், பழம், கேக்குன்னு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தட்டு நெறைய வச்சுக்கிட்டாரு. ஒவ்வொண்ணா மோந்து பார்த்தாரு. அப்புறம் தட்டை என் பக்கம் தள்ளி, 'நீ சாப்பிடு, நான் பார்க்கறேன்'னாரு. சாப்பிட்டேன் அண்ணி. ஒண்ணு விடாம சாப்பிட்டேன்."

ரத்தினம்மா தலையசைத்தார். "அப்புறம்?"

"கடல்ல இறங்கணும்னாரு. நானும் கவியும் ஆளுக்கொரு கையப் புடிச்சுக்கிட்டோம். தண்ணி இடுப்பு வரைக்கும் வந்ததும் கைய விடச் சொன்னாரு."

"விட்டியா?"

"விட்டோம். அலையே இல்ல. தனியா நின்னாரு."

"பயந்திருப்பானே. சின்னதுல குழாய்த் தண்ணிக்கே கத்துவான்."

"சிரிச்சாரு அண்ணி. தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, அக்கா குளிக்க வெந்நி வெளாவி வச்ச மாதிரின்னாரு."

ரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பாக்கியலட்சுமி அவரைத் தொடவில்லை, பக்கத்திலேயே இருந்தாள். சற்றுக் கழித்து ரத்தினம்மா தானாகவே எழுந்து பெட்டியருகே போனார். அரிசியை அள்ளிப் போட்டார். கன்னத்துக்குச் சரிந்த ஒரு மணியை விரலால் எடுத்துத் தம்பியின் உதட்டில் வைத்தார்.

மண்டாய் தகனச்சாலையிலிருந்து திரும்பி, பாக்கியலட்சுமி தலை முழுகிவிட்டு வந்தபோது அடுக்களையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பயணப்பெட்டி திறந்து கிடந்தது. ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்திருந்த அங்கமுத்துவின் நீலநிறக் குளியல் கால்சட்டையை ரத்தினம்மா வாளியில் அலசிக்கொண்டிருந்தார்.

"விடுங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன்."

"நீ போயி உக்காரு. உப்பு இருந்தா துணி வெறைச்சுப் போகும்."

பிழிந்து, மூங்கில் கழியில் கோத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். கீழ்வீட்டுத் துணிமேல் நீர் சொட்டியது. ரத்தினம்மா கழியை உள்ளே இழுத்தார். கால்சட்டையை உருவியெடுத்து, மறுபடியும் பிழியத் தொடங்கினார்.